எஸ்ஸும் எல்லும் இடம் மாறிய நாள்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் வந்திருந்தாள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாள் என்றும் பார்க்காமல் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்துவிட்டாள். திரையைத் துடைக்கத் துணி கேட்டாள். எங்கள் ஊரில் துடைக்கிற துணிக்கா பஞ்சம்? பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட் ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தேன். துடைத்துவிட்டு ஏதோ ஒரு வரி தட்டினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடின. நடுவில் சிவப்பாக ஒரு வரி வந்தது. அதில் ‘கான்ஃப்ளிக்ட்’ என்ற ஒரு சொல் எனக்குப் புரிந்தது.

“ஐயோ, என்ன கண்ணு ஆச்சு?”

“ஒண்ணுமில்லீங் பெரீம்மா. ரெண்டு லைப்ரரி ஒத்துப்போகல. அதுவே பாத்துச் சரி பண்ணிக்கும்.”

பண்ணியும் கொண்டது. அவள் பாதி டீ குடிப்பதற்குள் சிவப்பு போய்விட்டது. நான் அடுப்படிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றேன். கையில் அந்த வேஸ்ட் துணியின் வாசனை இருந்தது. பனியன் துணி புதிதாய் வெட்டுப்படும்போது வருமே, சோப்பும் சாயமும் சூடும் கலந்த வாசனை, அது. எனக்கு மட்டும் அது பயத்தின் வாசனை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பயந்த சுபாவம். குண்டடத்தில் வீட்டைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறுவேன். அவிநாசிபாளையம் வரும்போது சந்தேகம் வந்து, இறங்கித் திரும்பிப் போய் நாலாம் முறையும் இழுத்துப் பார்த்த நாள்கூட உண்டு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தேன். நல்ல பீஸையும் சந்தேகப்பட்டு ஒதுக்குகிறேன் என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஓனர் மட்டும் சிரிக்கவில்லை. “இப்படிப் பயப்படறவதான் கம்ப்யூட்டருக்கு லாயக்கு” என்று கண்ணாடி ரூமில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார். இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ இருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் இருந்தது. சங்கீதா என்ற இன்ஜினியரிங் காலேஜ் பெண் கடைசி வருஷ வேலையாக எங்களுக்கு எழுதிக் கொடுத்தது. வெளிநாட்டு ஆர்டர் ஃபைலை உள்ளே விட்டால், எந்தக் கலரில் எந்த சைஸ் எத்தனை வெட்ட வேண்டும் என்று அச்சடித்துத் தரும். அந்தச் சீட்டை நான் கையெழுத்துப் போட்டு கட்டிங் மாஸ்டரிடம் கொடுப்பேன். மாஸ்டர் பெயர் அருள்ராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பதினோரு வருஷமாக அங்கே இருப்பவர்.

ஒரு நாள் கரண்ட் ஏறி இறங்கியதில் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. புதியது வந்தது. சங்கீதா விட்டுப்போன சிடியைப் போட்டு புரோகிராமை மறுபடி கம்பைல் செய்தால், அதாவது அவள் எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டுகிற மாதிரி மாற்றினால், ஒரு லைப்ரரி இல்லை என்று நின்றுகொண்டது. லைப்ரரி என்றால் பயந்துவிடாதீர்கள். நம் ஊர் ஜாப் ஒர்க் மாதிரிதான். பனியன் நாம் தைக்கிறோம், காலரை வேறொருவர் பின்னித் தருகிறார் இல்லையா? அப்படி வேறு யாரோ செய்து வைத்த துண்டுகளை நம் புரோகிராம் வாங்கிக்கொள்ளும். எங்கள் புரோகிராமுக்கு வேண்டியது பழைய லைப்ரரி. புது கம்ப்யூட்டரில் இருந்தது அதன் புதிய பதிப்பு, பெயரின் கடைசியில் எண் மட்டும் வேறு. சரி என்று புதியதை எடுத்துவிட்டுப் பழையதை ஏற்றினேன். உடனே அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் அடிக்கிற புரோகிராம் படுத்துவிட்டது, அதற்குப் புதியதுதான் வேண்டுமாம். புதியதைத் திரும்ப வைத்தால் ஸ்டிக்கர் ஓடுகிறது, கட்டிங் சீட்டு நின்றுபோகிறது. ஒரே இடத்துக்கு இரண்டு ஆள், நடுவில் ஒரே ரேஷன் கார்டு.

பெங்களூரில் வேலைக்குப் போயிருந்த சங்கீதாவுக்குப் போன் போட்டேன். “பழச தனி ஃபோல்டர்ல போடுங்க அக்கா. கம்பைல் பண்றப்ப அந்த ஃபோல்டருக்குப் போற வழியச் சொல்லீருங்க” என்றாள். சொன்னேன். கம்பைல் ஆனது. ஓட்டினால் மறுபடியும் காணோம் என்றது. இரண்டு நாளாக கட்டிங் டேபிள் சும்மா கிடந்தது. அவளைத் திரும்பத் தொந்தரவு செய்யவும் பயம், ஓனர் முகத்தைப் பார்க்கவும் பயம்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒரே தடவையில் சாயம் போட்ட லாட்டில் துணி ரோல் குறைந்தால், பக்கத்து லாட் ரோலின் சீட்டைக் கிழித்துவிட்டு இந்த லாட் சீட்டைக் கட்டிவிடுகிற குறும்பு எங்கள் தொழிலில் உண்டு. கண்ணுக்கு ஒரே கலர், துவைத்தால்தான் தெரியும். நானும் புதிய லைப்ரரிக்கு ஒரு நகல் எடுத்து, அதற்குப் பழையதன் பெயரை வைத்துவிட்டேன்.

ஒரு எர்ரர் இல்லாமல் ஓடியது! பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் தள்ளியபோது எனக்குக் கண்ணீரே வந்தது. கூட்டுத்தொகையைக் கால்குலேட்டரில் இரண்டு முறை தட்டினேன். ஆர்டரோடு ஒன்றுகூட வித்தியாசமில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக மூன்றாம் முறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மாஸ்டர் சீட்டை வாங்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“ஏ பிள்ள, இந்த நாட்டுக்காரன் பூராம் ஆளு ஒசரம்லா? எல்லுதான அள்ளிக் கேப்பான். இதுல என்ன எஸ்ஸு இம்புட்டு போட்டிருக்கு?”

“கூட்டுத்தொகை சரியா இருக்குதுங்க மாஸ்டர்.”

“என்னமோ. ஒன் பயத்த நம்பித்தான் நான் கத்திய எடுக்கேன்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கட்டிங் ஹாலில் நேவி ப்ளூ கட்டுகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. ஓனர் ஒரு கட்டைப் புரட்டிப் பார்த்து, “ஏனுங்க மாஸ்டர், இத்தன எஸ்ஸு எதுக்குங்க?” என்று கேட்டது கண்ணாடி ரூமுக்குக் கேட்டது. ஆர்டரைத் திறந்து பார்த்தேன். எல்லுக்கு இருந்த எண் என் சீட்டில் எஸ்ஸுக்கு வந்திருந்தது. எஸ்ஸின் எண் எல்லில். எம்மும் எக்ஸெல்லும் அசையவில்லை.

உடனே சங்கீதாவைக் கூப்பிட்டேன். “அய்யோ அக்கா!” என்றாள். பழைய லைப்ரரி சைஸ்களை ஆர்டரில் இருந்த வரிசையிலேயே கொடுக்குமாம். புதியது ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கிவிட்டுக் கொடுக்குமாம். எல், எம், எஸ், எக்ஸெல். முதலில் வருவது எஸ் என்று எங்கள் புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டது. “கம்பைல் பண்றப்ப மட்டுமில்லீங் அக்கா, ஓடறப்பவும் வழியச் சொல்லோணும்” என்று மீதிப் பாதியைச் சொன்னாள். சொன்னபடி செய்தேன். பழையது அதன் ஃபோல்டரில், புதியது அதன் இடத்தில். கட்டிங் சீட்டும் வந்தது, ஸ்டிக்கரும் வந்தது. அவ்வளவுதான் விஷயம். பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷம்தான் வினையாகப் போனது. ஓனர் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மாஸ்டரிடம் இருந்த சீட்டு துணி அடுக்கின் மேல் குத்தியிருந்து, வெட்டியபின் வேஸ்ட்டோடு மூட்டையாகி காலையிலேயே வண்டி ஏறிவிட்டது. “இன்னொருக்கா அடி கண்ணு” என்றார் ஓனர். அடித்தேன். சரியான சீட்டு வந்தது.

ஓனர் அதைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். “சனிக்கெழமையோட நின்னுக்குங்க மாஸ்டர்” என்றார். சத்தமே போடவில்லை. வேலையை விட்டு நிறுத்தும்போதும் மாறாத அந்த மரியாதை ‘ங்க’தான் எனக்குப் பயமாக இருந்தது.

“தப்பு என்னுதுங்க. நேத்து கம்ப்யூட்டர் மாத்திப் போட்டுதுங்க” என்றேன் நான்.

“கம்ப்யூட்டர் எங்காச்சும் மாத்திப் போடுமா? நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு சொல்றதுக்கு அதென்ன மனுசனா? மாஸ்டருக்குப் பரிஞ்சு பேசாத.”

உண்மையைச் சொல்லியும் நம்பாத ஒருவரை அதுவரை நான் பார்த்ததில்லை. மாஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை. கதவைத் தாண்டப் போனார்.

“அஞ்சு நிமிசம் நில்லுங்க” என்று கத்தினேன். நானா கத்தினேன் என்று இன்றும் நம்ப முடியவில்லை. உட்கார்ந்து, சரிசெய்ததை எல்லாம் கலைத்தேன். புதியதற்குப் பழையதன் பெயரை மறுபடி வைத்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். தப்பைச் செய்வதற்கும் ஒழுங்காகத் தட்ட வேண்டியிருக்கிறது, பாருங்கள். கம்பைல் ஆனது. பிரிண்டர் ஓடியது. எஸ்ஸும் எல்லும் மாறிய சீட்டு ஓனர் கண் முன்னாலேயே வந்து விழுந்தது.

ஓனரின் இரண்டு கையிலும் இரண்டு சீட்டு. ஒரே மிஷின், ஒரே ஆர்டர், ஒரே கூட்டுத்தொகை. பேய் அறைந்தவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. என் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது.

“மாஸ்டர்... இருங்க” என்றார், இரண்டு சீட்டையும் மேசையில் வைத்துவிட்டு. இனி போக வேண்டியது நான்தான் என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

“தப்பு பண்ணுனவனப் பாத்திருக்கேன் மொதலாளி. கூப்பிட்டு நிறுத்தி வச்சு, மறுக்கா பண்ணிக் காட்டுனவள இப்பந்தான் பாக்கேன். அந்தப் பிள்ளயும் இருக்கட்டும்” என்றார் மாஸ்டர். “ஆனா ஒண்ணு. இனிமே நான் தாளப் பாத்து வெட்ட மாட்டேன். ஆர்டரக் கையில வச்சுக்கிட்டு அவ வந்து வாயால சொல்லணும். நான் திருப்பிச் சொல்லுவேன். பொறவுதான் கத்தி.”

அந்த நேவி ப்ளூ எஸ் எல்லாம் தைத்து உள்ளூர் கடைகளுக்குப் போயிற்று. அந்த வருஷம் நான் ஏறிய பஸ்ஸில் எல்லாம் யாராவது ஒரு பிள்ளை நேவி ப்ளூ போட்டுக்கொண்டு நிற்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதற்கப்புறம் அங்கே இருந்தவரைக்கும் அப்படித்தான். கட்டிங் டேபிளின் இந்தப் பக்கம் நான் நின்று படிப்பேன். அந்தப் பக்கம் அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வார். மற்றவர்கள் “பூசை ஆரம்பிச்சாச்சு” என்று கிண்டல் செய்வார்கள். இன்று அந்தக் கட்டடம் பார்சல் குடோன். மாஸ்டர் பார்வை மங்கி ஊருக்குப் போய்விட்டார். போன மாசம் சொந்தக்காரர் ஒருவர் புது யூனிட் ஆரம்பித்து, வந்து பார்க்கச் சொன்னார். நீளமான மேசை, காற்றை உறிஞ்சித் துணியைப் பிடித்துக்கொள்கிறது. ஆர்டர் கம்ப்யூட்டரிலிருந்து நேராகக் கத்திக்குப் போய்விடுகிறது. சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. மேசையின் அந்தப் பக்கம் நிற்க ஆளும் இல்லை.

என்னை அறியாமல் என் வாய் மெதுவாக முணுமுணுத்தது: “எஸ் எத்தனைங்க? எல் எத்தனைங்க?”

கத்தி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.