எர்த் கம்பியை வெட்டச் சொன்னவர்

ஆடிக் காற்றில் திருவானைக்காவல் முழுக்கப் புழுதி பறந்த ஒரு மதியம், என் சிற்றலை ரேடியோ திடீரென்று ஊமையானது. பின்னால் கையை விட்டு ஏரியல் ஒயரைப் பிடுங்கினேன். விரலில் சுரீரென்று அடித்தது.

அப்படி அடிக்கவே கூடாது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் அந்த நீள ஏரியல் கம்பியைக் கட்டியவள் நான். காய்ந்த காற்றும் தூசியும் உரசினால் கம்பியில் மின்சாரம் சேரும். அது ரேடியோவுக்குள் பாயாமல் மண்ணில் இறங்கட்டும் என்று, தடித்த செம்புக் கம்பி ஒன்றைச் சுவரோடு தரைவரை இழுத்து எர்த் கொடுத்திருந்தேன்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். செம்புக் கம்பி பாதிச் சுவரில் அறுந்து நின்றது. அதற்குக் கீழே புது மஞ்சள் பெயிண்ட்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கீழ் வீட்டில்தான் இருந்தார்.

“பெயிண்டருக்கு இடைஞ்சலா இருந்துச்சு மேடம். ஏரியலை நாங்க தொடவே இல்லையே.”

“ஏரியலை வெட்டியிருந்தா ரேடியோ பிழைச்சிருக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“சார்கிட்ட கேட்டோமே. தாராளமா வெட்டுங்கன்னாரு.”

சார் என்றால் என் கணவர்.

சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

“ஆமா, போன வாரம் கேட்டாரு. வெறும் ஒயர்தானேன்னு நெனச்சேன்.”

“யாரோட ஒயர்?”

“உன்னோடதுதான்.”

“உங்க பைக்கை எடுத்துக்கட்டுமான்னு அவர் என்னைக் கேட்டா, நான் பாட்டுக்கு சரின்னு சொல்லிடுவேனா?”

“விடு, புதுசா ஒண்ணு வாங்கிடலாம்.”

அந்த ‘விடு’தான் என்னைக் கொதிக்க வைத்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே புதுக் கம்பி இழுத்தேன். செயலாளர் வந்து, எங்கள் வாசலில் நின்ற என் கணவரிடம், “சார், இது இங்கயேதான் இருக்குமா?” என்றார்.

“அவங்களைக் கேளுங்க,” என்றார் இவர், தரையைப் பார்த்தபடி.

செயலாளர் என் பக்கம் வந்தார். “இருக்கும்,” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே கருகியதை மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் தொலைதூர நிலையங்கள் முன்போல் எடுப்பதில்லை. அவற்றைத் தேடிக் குமிழைத் திருப்பும்போதெல்லாம் இருவர் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.