குறிப்போடு ஓர் ‘ஆம்’

அன்று காலையிலிருந்து நெவெனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோஃபியா நகரத்தில் பழைய லிஃப்டுகளைச் சோதிப்பது அவள் வேலை. அது போதாதென்று, லிஃப்ட் பாதுகாப்புத் தரங்களை அலசும் தேசியக் குழுவிலும் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஐரோப்பா முழுவதற்குமான புதிய தரத்தின் வரைவு கடைசி வாக்கெடுப்புக்கு வந்திருந்தது. நாட்டின் வாக்கை அந்தக் குழுதான் முடிவு செய்யும். பழைய லிஃப்டுக்கு உள்கதவு வேண்டாம், வாசலில் ஆள் நிற்பதை உணரும் ஒளிக்கதிர் இருந்தால் போதும் என்றது அதில் ஒரு விதி.

போதுமாம்! முன்பொரு முறை உள்கதவில்லாத லிஃப்டில் குடைமிளகாய் மூட்டையோடு ஏறினான் அவள் கணவன் லூபென். லிஃப்ட் மேலே போகையில் மூட்டை வாசல்பக்கச் சுவரில் மாட்டி அவனை நசுக்கியது. இன்றைக்கும் அவனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது.

“ஐரோப்பாவோட சண்டைக்குக் கிளம்பிட்டியா? காபியைக் குடிச்சிட்டுப் போய் அடி,” என்றான் லூபென்.

“கிண்டல் பண்ணாத. ‘கூடாது’ன்னு வாக்குப் போட வைக்காம வரமாட்டேன்.”

அந்தக் குழுவில் கைதூக்கும் வழக்கமெல்லாம் இல்லை. பேசி முடித்ததும், “கடுமையான ஆட்சேபம் யாருக்காவது உண்டா?” என்று தலைவர் கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று கணக்கு. தலைவர் போஷ்கோவுக்குச் சண்டை என்றாலே ஆகாது.

“‘ஆம்’னு போட்டுடுவோம். கூடவே உள்கதவு வேணும்னு நம்ம குறிப்பையும் வைப்போம். மரியாதையாவும் இருக்கும்,” என்றார்.

“கடைசி வாக்குல ‘ஆம்’னு போட்டவங்க குறிப்பை எவன் சார் படிப்பான்? ‘கூடாது’ன்னு போட்டாத்தான் திரும்பிப் பார்ப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் எஞ்சினியரம்மா. ஆனா நாம சின்ன நாடு. நாம ஒருத்தர் மறுத்து என்ன நின்னுடப்போகுது? பெரிய நாட்டுக்காரங்க பார்த்துக்குவாங்க.”

நெவெனா எழுந்து ஜன்னலைத் திறந்தாள், திரும்ப மூடினாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாத் தட்டை யாரோ அவள் பக்கம் தள்ளினார்கள். சாப்பிடு, விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம். போஷ்கோவ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எல்லாக் கண்களும் அவள்மேல். காரியத்தைக் கெடுப்பவள் என்று பேர் வாங்க வேண்டிவருமே என்று ஒரு கூச்சம். திறந்த வாய்க்குள் பனித்சாத் துண்டுதான் போயிற்று. அதை நினைத்தால் அவளுக்கே அவளை அறையலாம் போலிருந்தது.

குறிப்போடு ‘ஆம்’ என்றே வாக்கு போயிற்று. முடிவு வரும்வரை வீட்டில் நடையோ நடை. மின்னஞ்சலைத் திறப்பதும் மூடுவதுமாக லூபெனையும் தூங்கவிடவில்லை. ஒரு மாலை, அடுக்களையில் நின்றபடியே படித்தாள். தரம் நிறைவேறிவிட்டது. எல்லா நாடுகளின் குறிப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். சின்ன நாடு, பெரிய நாடு என்றில்லாமல் பாதிக்கு மேல் உள்கதவைத்தான் கேட்டிருந்தன. அத்தனை பேர் வாக்கும் ‘ஆம்’. அவர்கள் மட்டும் மறுத்திருந்தாலே அந்த விதி அங்கேயே நின்றிருக்கும்.

“அப்போ எல்லாரும் உன் பக்கம்தானா?” என்றான் லூபென்.

“என் பக்கம்தான். வேற யாராவது மறுப்பாங்கன்னு உட்கார்ந்திருந்தாங்க. நானும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்.”