ட்ரையருக்குள் உருண்ட சாவி

என் தம்பி டாரலின் மனைவி கொரீன் வாவ்ரா, மாவட்டப் போலீஸான ஷெரிஃப் ஆபீஸில் சேர்ந்ததே கார் ஓட்டத்தான். நட்சத்திரம் ஒட்டிய பழுப்புக் காரில் எங்கள் நெப்ராஸ்கா மண்ரோடுகளில் தனியாகச் சுற்ற வேண்டும், ரேடியோவில் பேச வேண்டும், சோளக்காட்டு ஓரமாக நிறுத்தி நிம்மதியாக சாண்ட்விச் சாப்பிட வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் இத்தனை வருஷம் கரண்டி பிடித்தவளுக்கு அந்த ஆசை வந்ததில் தப்பில்லை.

ஆனால் எங்கள் மாவட்டத்தில் யார் சேர்ந்தாலும் முதலில் ஜெயில்தான். கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் செங்கல் கட்டடத்தில் கைதிகளுக்குக் கதவு திறந்து, தட்டு கொடுத்து, சண்டை விலக்கிப் பழகிய பிறகே ரோட்டுக்கு அனுப்புவார்கள். முதல் வருஷம் முடியும்வரை காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிடவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

முதல் வாரம் முடிந்து வந்தவளிடம், “எப்படி இருக்குடி புது வேலை?” என்று கேட்டேன்.

“எங்க புது வேலை? தலையில இருந்த வலையைக் கழட்டிட்டேன், அவ்வளவுதான். அதே தட்டு, அதே பயலுங்க. இப்ப தாடி வெச்சிருக்கானுங்க.”

உண்மைதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன், அடிதடி செய்தவன் என்று உள்ளே இருந்த பாதிப் பேர் அவள் கையால் பள்ளியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ட்ராய் ஹவெல்கா என்ற தடியனுக்குப் பட்டாணி பிடிக்காது என்பது அவளுக்கு அவன் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே தெரியும். “மிஸஸ் வாவ்ரா, இன்னொரு ரொட்டி கிடைக்குமா?” என்று அவன் அறைக்குள்ளிருந்து குழைவான். “ஹவெல்கா, இங்க நான் டெபுடி. ரொட்டி ஒண்ணுதான். பட்டாணியையும் தின்னு” என்பாள் இவள். அங்கே பெயரின் பின்பாதியைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். செல்லம் கொடுத்தால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

அறைக் கதவுகளின் நடுவில் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு சின்ன இரும்புச் சன்னல் உண்டு. எல்லாச் சன்னலுக்கும் ஒரே சாவி. அது மற்றச் சாவிகளோடு பெரிய வளையத்தில் கிடக்கும். ஒரு கையில் சூடான தட்டு, மறு கையில் அந்தக் கனத்த வளையம் என்றால் யாருக்கும் எரிச்சல்தான். அதனால் பகல் ஷிஃப்ட்காரர்கள் சன்னல் சாவியை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள், வேலை முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுவார்கள். விதிப்படி தப்பு. ஆனால் எல்லோரும் செய்தார்கள், கொரீனும் செய்தாள். ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பேற்கும் லானி என்ற பையன் சாவிப் பலகையில் வளையங்கள் தொங்குகின்றனவா என்று பார்ப்பானே தவிர, வளையத்தில் சாவிகள் இருக்கின்றனவா என்று பார்த்ததில்லை.

ஒரு நாள் பிற்பகல் நான் பிளம் வைத்த கொலாச்சி பன்னோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சீருடையை மெஷினில் போட்டுத் துவைத்து, ட்ரையருக்கும் மாற்றிவிட்டாள். காபி ஊற்றும்போது உள்ளே டடங், டடங் என்று சத்தம் வந்தது.

“டாரலோட போல்ட்டா இருக்கும். எந்தப் பேண்டைத் தொட்டாலும் இரும்புக் கடைதான்” என்று திட்டிக்கொண்டே போனவள் திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ட்ரையர் கதவு திறந்து கிடக்க, உள்ளங்கையில் ஒரு பித்தளைச் சாவியை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நடீன், வண்டியை எடு. டாரல் டிரக்கைக் கொண்டு போயிட்டான்.”

“என்னடி ஆச்சு?”

“ஜெயில்ல ராத்திரிச் சாப்பாட்டை இந்நேரமே கொடுக்கணும். தட்டுச் சன்னல் ஒண்ணும் திறக்காது.”

ஜெயில் சாவி வெளியே போனால் அத்தனை பூட்டையும் மாற்ற வேண்டும், போக விட்டவரையும் மாற்றிவிடுவார்கள். அவளுக்கு முதல் வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வீட்டில் போடும் நைந்த கால்சட்டையோடும் செருப்போடும் ஏறி உட்கார்ந்தாள். பாதி வழியில் லானி போனில் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள்.

“உன்கிட்டதானே இருக்கு? சொல்லு தாயே, இருக்குன்னு சொல்லு.”

“இருக்கு.”

“அப்பாடா. கிச்சன் பின்கதவுக்கு வந்துடு. சார்ஜென்ட் கோர்ட்டுல இருக்காரு. நான் வளையத்துல மாட்டிடறேன். ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.” அவன் குரலுக்குப் பின்னால் கதவுகளை உதைக்கும் ஓசை. பசித்த ஆம்பிளைகள்.

ஊருக்குள் நுழைந்ததும் பின்பக்கச் சந்தில் திருப்பினேன். லானி கதவைப் பிடித்துக்கொண்டு கையாட்டினான்.

“நிறுத்தாதே, முன்வாசலுக்குப் போ” என்றாள் கொரீன்.

“பைத்தியமாடி உனக்கு? வேலை போயிடும்!”

“சாவி தொலைஞ்சது உள்ள இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் இந்நேரம் தெரியும். இன்னிக்கு நான் ஒளிச்சேன்னா நாளைக்குக் காலையில ஹவெல்கா என்னைப் பார்த்து ஒரு கண்ணடிப்பான். இன்னொரு ரொட்டி கேப்பான். அப்புறம் சிகரெட். அப்புறம் போன். நான் இல்லைன்னு சொல்ல முடியாது. அப்படி ஒரு வேலையை வெச்சுக்கிட்டு என்ன பண்ண?”

முன்கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவள் கண்ணாடிச் சன்னலில் சொல்லி, ஜெயிலுக்குப் பொறுப்பான சார்ஜென்ட் ஸ்ட்ராடை கோர்ட்டிலிருந்து வரவழைத்தாள். மீசை முழுக்க நரைத்த, சிரிக்கவே தெரியாத மனிதர். செருப்பிலிருந்து தலைவரை அவளைப் பார்த்தார். அவள் உள்ளங்கையை விரித்தாள்.

“எங்க இருந்துச்சு?”

“எங்க வீட்டு ட்ரையர்ல, சார்ஜென்ட். வளையத்துலேர்ந்து நான்தான் கழட்டினேன். திரும்ப மாட்டல.”

அவர் அதை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். “லாவெண்டர் சோப்பா?”

“ஆமா சார்.”

“என் ஜெயில்ல இவ்வளவு வாசனையா எதுவும் இருந்ததில்ல.” முகம் மாறாமல் சாவியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “வாவ்ரா, உள்ள போய்த் தட்டைக் கொடு. அப்புறம் என் அறைக்கு வா.”

அதே கோலத்தில் போனாள். சற்று நேரத்தில் உதைக்கும் சத்தம் அடங்கியது. சாவி எங்கே கிடந்தது என்று உள்ளே கேட்டவர்களிடம் அவளே சொல்லியிருக்கிறாள். பிறகு, “மிஸ் லாண்டரி! சோளரொட்டியில சோப்பு வாசனை வருது!” என்று ஹவெல்காவின் குரலும் பெரிய சிரிப்பும் கேட்டன.

வேலை போகவில்லை. ஆனால் ரோடு போயிற்று. இன்னொரு முழு வருஷம் ஜெயில் வேலைதான் என்றார் சார்ஜென்ட். எண்ணிப் பார்க்காத லானிக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத லீவு. அவன் இலையுதிர்காலம்வரை கொரீனோடு பேசவில்லை. அவளுக்கு அது வலித்தது. அவன் லாக்கரில் கொலாச்சி வைத்துப் பார்த்தாள். தின்றுவிட்டு, காலித் தட்டை மட்டும் திருப்பி வைத்தான்.

அடுத்த வாரமே வளையங்களையெல்லாம் யாரும் கழற்ற முடியாதபடி பற்றவைக்க சார்ஜென்ட் வெல்டருக்குச் சொல்லி அனுப்பினார். எங்கள் ஊரில் வெல்டர் ஒருவன்தான், என் தம்பி. “என் பொண்டாட்டி பண்ணின வேலைக்கு நானே பத்த வைக்கிறேன் பாரு” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். பெல்ட்டில் தொங்கிய அந்த வளையத்தின் கனத்தால் கொரீனுக்கு இடுப்பில் நீலமாகக் கன்றிப்போனபோது ஐஸ் வைத்துவிட்டவனும் அவன்தான்.

போன வசந்தத்தில் ஒருவழியாகப் பழுப்புக் கார் கிடைத்தது. முதல் நாளே மதுக்கடையில் அடிதடி. இவள் உள்ளே நுழைந்தபோது நாற்காலியை ஓங்கிக்கொண்டு நின்றவன் ட்ராய் ஹவெல்கா.

“மிஸ் லாண்டரி! சாவி எடுத்துட்டு வந்தீங்களா, இல்ல வீட்டுல காயுதா?”

“எடுத்துட்டு வந்திருக்கேன் ஹவெல்கா. நாற்காலியைக் கீழ வை. இன்னிக்கு ஜெயில்ல பட்டாணி.”

“ஐயோ” என்றானாம். நாற்காலியை வைத்துவிட்டு அவனே போய்க் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டானாம்.

இதைச் சொன்னபோது அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்த என் கோட்டையும் வாங்கி, பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பார்த்தாள். ஒரு பழைய கடை ரசீதும் பெப்பர்மிண்ட்டும் கிடைத்தன. பெப்பர்மிண்ட்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு கோட்டை மெஷினுக்குள் தள்ளினாள்.