விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவனை எந்தக் கட்டிடத்துக்கும் இன்ஜினியராகப் போடக் கூடாது. என்னைப் போட்டார்கள்.

பாளையங்கோட்டையில் பழைய கஜானாக் கட்டிடம் ஒன்று, முன்னாள் ராணுவத்தினர் தங்கும் விடுதியாக இருக்கிறது. பென்ஷன் வேலையாக வெளியூரிலிருந்து வரும் வயசாளிகள் அங்கேதான் படுப்பார்கள். மேற்குச் சுவரில் விரிசல். இடித்துவிடலாம் என்றது மேலிடம். பழுது பார்த்தால் போதும் என்றேன் நான். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டைகளை ஒட்டிவைத்தேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மழைக்காலம் முழுக்க உடையாமலிருந்தால் கட்டிடம் பிழைக்கும்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹவில்தார் அண்ணாச்சி, "இது என்னத்துக்கு சார்?" என்று கேட்டார்.

"சொவரு முகம் பாக்கதுக்கு அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் சேர்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் இடி இடித்தால் என் மனைவி ஜன்னலைச் சாத்துவாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். காலையில் ஆபீசுக்குப் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடிப்போய்ப் பார்ப்பேன். உடைந்திருக்காது. டீ குடித்த பிறகு மறுபடி சந்தேகம் வரும்.

மழை ஓய்ந்து, பெரிய அதிகாரி பார்வையிட வந்த நாளில் முன்னதாகவே போனேன். வேப்பமரத்துக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு, மேலே காவிக்கரை. பட்டாளத்து வழக்கம். மேற்குச் சுவரும் வெள்ளைவெளேர் என்றிருந்தது. கண்ணாடி ஒன்றுகூட இல்லை.

"அண்ணாச்சி, கண்ணாடில்லாம் எங்க?"

"ஆபீசர் வருதாருல்லா? அசிங்கமா இருந்துச்சு, சுரண்டிட்டேன்."

"உடையாமத்தான இருந்துச்சு?"

"சுரண்டும்போதுதான் உடைஞ்சுது."

அதிகாரியிடம் அதைத்தான் சொன்னேன். அவர் சுவரைத் தொட்டார்; கையெல்லாம் சுண்ணாம்பு. "எப்பவும் வெளையாட்டுப் பேச்சு பேசுத ஆளு நீரு. உம்ம வார்த்தைய நம்பி ஃபைல்ல என்னத்த எழுத? திரும்ப ஒட்டும். அடுத்த மழை முடியட்டும். அதுவரைக்கும் இங்க யாரும் படுக்கக் கூடாது."

உள்ளே அண்ணாச்சி பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்ட ஆரம்பித்தார். ஊர் திரும்ப முடியாத இரண்டு பெரியவர்கள், எங்கே போவது என்று தெரியாமல் பையோடு வாசலில் நின்றார்கள். எனக்கு நகைச்சுவை எதுவும் தோன்றவில்லை.

புதுக் கண்ணாடியை ஒட்டிவிட்டுத் திரும்பினேன். "அண்ணாச்சி, இந்தத் தடவ பாத்துக்கிடுவியளா?" என்றேன்.

"என்னத்துக்குன்னு இந்தத் தடவயாவது ஒழுங்காச் சொல்லும் வே."