மூன்றாம் நம்பர் டிஸ்க்

தாராவியில் கல்யாண வீடியோ எடிட்டிங்கில் முதலில் உட்கார்ந்த பொம்பளை நான்தான். இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பதில்லை. பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம். வீட்டுக்காரர் காமிரா பிடிப்பார், வெட்டி ஒட்டுவது நான். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை, பம்பாயில் கோலி என்போம், அதற்குள்தான் அடுப்பும் கம்ப்யூட்டரும். குக்கர் விசிலுக்கு நடுவே எத்தனையோ கெட்டிமேளத்தை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

பதினேழு பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தொழிலில் ஒரு சண்டை வந்தது. ஹெச்.டி. காமிரா புதுசு. பெண்ணின் கன்னத்தில் பவுடர் திட்டுத் திட்டாக அப்பியிருப்பது வரை தெரிகிற தெளிவு. அந்தத் தெளிவு குறையாமல் டிஸ்க்கில் போட்டுக் கொடுக்க ரெண்டு வழி இருந்தது. ஒன்று புளூ-ரே, மற்றது ஹெச்.டி. டிவிடி. இதில் போட்டது அதில் ஓடாது, அதில் போட்டது இதில் ஓடாது. பெரிய பெரிய கம்பெனிகள் ரெண்டு கட்சியாக நின்றபோது நாங்கள் மட்டும் சும்மா இருப்போமா? செம்பூரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருத்தர் புளூ-ரே கட்சி. நான் எதிர்க்கட்சி.

என் கட்சிக்குக் காரணம் இருந்தது. ஹெச்.டி. டிவிடி முறையில் எழுதுவதற்குத் தனி டிஸ்க் வாங்க வேண்டியதில்லை. தெருமுனைக் கடையில் கிடைக்கிற சாதா டிவிடியிலேயே எழுதலாம். ஒன்றில் இருபது நிமிஷம்தான் பிடிக்கும், அவ்வளவுதான். ஓட்டிக் காட்டுகிற மிஷினை துபாயிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தான். பம்பாய்த் தமிழாட்களில் அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நானே முடிவு பண்ணி, நானே ஊரெல்லாம் சொன்னேன்.

அந்த முறையில் நான் போட்ட முதல் கல்யாணம் ஒரு சமையல்கார அக்காவின் மகளுடையது. அக்கா மாட்டுங்காவில் ரெண்டு வீட்டில் சமைத்து அந்த ஒரே மகளை வளர்த்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கல்யாணத்தன்று, எங்கள் ஆட்கள் வழக்கப்படி, தாலியறுத்தவள் என்று அவள் மணமேடைப் பக்கமே வரவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. ஹாலின் அடுக்களையில் நின்றுகொண்டாள்.

மேடையை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். நான் ரெண்டாவது காமிராவோடு சாப்பாட்டுப் பக்கம் படம் எடுக்கப் போனேன். கெட்டிமேளம் கொட்டியது. அடுக்களை வாசலில் அக்கா கழுத்தை நீட்டி மேடையைப் பார்த்தாள். அவளுக்கு அட்சதை யார் கொடுத்தது? சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி பச்சரிசியை அள்ளினாள், அங்கிருந்தே மகளை நோக்கிப் போட்டாள். இடையில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அரிசி அவள் காலடியிலேயே கொட்டியது. பதினொரு விநாடி. என் கையால் எடுத்தேன்.

அதை வெட்டி எறிய எனக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது? மாப்பிள்ளை தாலியில் கைவைக்கிற இடத்தில் அவள் முகத்தைச் சேர்த்தேன். அதைவிட நல்ல வெட்டு இன்றுவரை நான் போட்டதில்லை.

நாங்கள் இருக்கிற வரிசைக் குடித்தனத்தில், எங்கள் சாலில், ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீடியோ வந்ததும் ரெண்டு வீட்டாரையும் கூப்பிட்டு சந்தில் டிவி வைத்து ஓட்டுவோம். அவரவர் முகம் வந்ததா என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோகும். மூன்றாம் நம்பர் டிஸ்க்கில்தான் தாலிகட்டு. அக்கா முகம் வந்ததும் மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்துவிட்டாள்.

"தாலி கட்டுத நேரத்துல காட்டுததுக்கு வேற மூஞ்சி கிடைக்கலியா?"

"பெத்தவ மூஞ்சிய விட வேற எந்த மூஞ்சி வேணுமாம்?" என்று நான் பாய்ந்தேன். பெரிய ரகளை. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா பின்னால் நின்றிருந்தாள், தன் முகம் வந்ததுமே தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. "வெட்டிரு பிள்ள, எனக்காவ வெட்டிரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். கல்யாணப் பெண் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெட்டினேன். எல்லாருக்கும் கொடுத்த சாதாக் காப்பியில் அவள் இல்லை. காமிரா டேப்பை அடுத்த கல்யாணத்துக்கு அழித்து எடுப்பதுதான் எங்கள் தொழிலில் பழக்கம், அப்படியே அழித்தும் விட்டோம். அந்த மூன்றாம் நம்பர் டிஸ்க்கை மட்டும் உறையில் போட்டு அக்கா கையில் திணித்தேன். "என் மிஷினத் தவிர வேற எதுலயும் போட்டுராதிய. இது சாதா சரக்கு இல்ல, கெட்டுப்போயிரும்" என்று வேறு பெருமையடித்து அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் என் கட்சி தோற்றது. ஹெச்.டி. டிவிடி பந்த், இனிமேல் மிஷினே செய்ய மாட்டார்கள் என்று செய்தி. செம்பூர்க்காரர் மெனக்கெட்டு பஸ் ஏறிவந்து அரைக்கிலோ ஜிலேபி கொடுத்துவிட்டுப் போனார். ஜிலேபி நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மழையில் கோலிக்குள் தண்ணீர் ஏறி என் மிஷினும் போய்விட்டது.

போன வருஷம் அந்தக் கல்யாணப் பெண் என்னைத் தேடி வந்தாள். நாற்பது வயசு இருக்கும். கழுத்து வெறுமையாக இருந்தது. புருஷன் இறந்து மூன்று வருஷமாம். அவளுடைய மகள் பெரியவளாகிவிட்டாள், செம்பூரில் ஹால் பிடித்து சடங்கு வைத்திருக்கிறார்கள்.

"தண்ணி ஊத்த நான் முன்னால வரக்கூடாதாம், சித்தி."

"எவ சொன்னது?" எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எங்கம்மதான். 'நான் உன் கல்யாணத்துல ஒதுங்கி நிக்கலியா? நீயும் உள்ள இருந்துக்கோ, பிள்ளைக்கு நல்லதுல்லா'ங்கா. அவ அன்னைக்கு எப்படி நின்னான்னு அவளுக்கே தெரியாது சித்தி. நான் பார்த்தேன். அத அவளுக்குக் காட்டணும்."

உறையோடு டிஸ்க்கை நீட்டினாள். அவளுடைய அம்மா பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாளாம். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என் மிஷினில்தானே ஓடும்? என்னிடம் வந்து கேட்க வெட்கம்.

என் மிஷின்தான் மழையில் போய்விட்டதே, இன்னொன்று தேட வேண்டும். சடங்குக்கு ஒன்பது நாள். தெரிந்த கடையெல்லாம் அலைந்தேன். பழைய சாமான் விற்கிறவன்கூட "அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்று ஹிந்தியில் கேட்டான். கடைசியில் வெட்கத்தை விட்டுச் செம்பூர்க்காரருக்கே போன் போட்டேன். "மியூசியத்துல கேட்டுப் பாரேம்மா" என்றார். போனை வைத்துவிட்டு அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அடக் கடவுளே! இது தெருமுனைக் கடையில் நான் வாங்கிய சாதா டிவிடிதானே! கம்ப்யூட்டரில்தானே எழுதினேன்? கம்ப்யூட்டர் படிக்காதா? வேறெதிலும் போடாதே என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன். என் வாய்ப்பேச்சு ஒரு தாயின் முகத்தை இத்தனை வருஷம் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறது. தலையில் நானே ரெண்டு போட்டுக்கொண்டேன்.

பழைய டிவிடி டிரைவ் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினேன். ஃபைல்கள் வந்தன. ரெண்டு பிளேயர் திறக்க மறுத்தன, மூன்றாவது திறந்தது. ஆத்தாடி, என்ன தெளிவு! இன்றைக்கு எடுத்ததுபோல இருந்தது. தோற்ற கட்சிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் போட்ட டிஸ்க் தோற்கவில்லை. கோலியில் தனியாக நின்று கைதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் மகள் அவளைக் கூட்டிவந்தாள். அக்காவுக்கு முடியெல்லாம் வெளுத்திருந்தது. "இப்ப எதுக்குட்டி இதெல்லாம்" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். ஓட்டினேன். மாப்பிள்ளை கை, தாலி, அடுத்து அவள். நீண்ட கழுத்து, சாக்குக்குள் போகிற கை, விழுகிற அரிசி.

அவள் அழவில்லை. "இன்னொரு மட்டம் போடு பிள்ள" என்றாள். போட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். அப்புறம் யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"அரிசி எம்பிள்ள மேல விழவே இல்லியே."

இத்தனை வருஷமாக விழுந்தது என்றே நினைத்திருக்கிறாள்.

மகளின் பக்கம் திரும்பி அவள் கையைப் பிடித்தாள். "நீ உள்ள நிக்காண்டாம்ட்டி. பக்கத்துல போய் நில்லு. மொதத் தண்ணி நீதான் ஊத்தணும். எவளாவது வாயத் தொறந்தா எங்கிட்ட அனுப்பு."

செம்பூர் ஹாலில் காமிரா நான்தான் பிடித்தேன். அக்காவின் மகள் முன்னால் வந்து தன் பிள்ளையின் தலையில் முதல் குடத்தை ஊற்றினாள். ரெண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். மகள் அவர்களைப் பார்க்கவே இல்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "யம்மா, நீயும் வா" என்று கூப்பிட்டாள்.

அக்கா அடுக்களைப் பக்கம் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக நடந்து வந்தாள். குடத்தைத் தூக்கியவள் ஊற்றாமல் நின்றாள், முந்தானையைச் சரிசெய்தாள், நிமிர்ந்து என் காமிராவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏ பிள்ள, எம்மூஞ்சி நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுக்கா" என்றேன்.