வளர்பிறையில் வெட்டிய மேசை

“நிலா ஒரு கல்லு. கல்லப் பாத்து மரம் வெட்டுற ஆள் நான் இல்ல. இந்த மேசை கெட்டுப்போச்சுன்னா, கெடுத்தது எவரிஸ்தோ மத்தாரித்தான்னு நானே எழுந்து நின்னு சொல்வேன். நிலா மேல பழி போடுற கோழைத்தனம் எங்க பரம்பரையிலயே கிடையாது.”

மே மாதத்து முதல் மழை பெய்த மறுநாள், மூலைக்கடை வாசலில் பதினோரு பேர் கேட்க எவரிஸ்தோ இப்படி முழங்கினார். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் நிக்கோயாப் பக்கத்தில் பாதிப்பேருக்குப் பூமி உருண்டை என்று கற்றுக்கொடுத்தது அவர்தான். மீதிப்பேர், அவர் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சந்தேகித்தவர்கள்.

முழக்கத்துக்குக் காரணம் அவருடைய மச்சான் நிக்கானோர். நாற்பது வருடத் தச்சர், அதிகம் பேசாதவர். அவர் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: இப்போது வளர்பிறை, மரத்தில் நீர் ஏறியிருக்கும், ஒரு பதினோரு நாள் பொறுத்துத் தேய்பிறையில் வெட்டினால் நல்லது. இன்னும் நல்லது, மழை ஓய்ந்து ஜனவரி வரும்வரை பொறுப்பது. அறுத்த பிறகு பலகைகளை நிழலில் அடுக்கி இரண்டு வருடமாவது காயவிட வேண்டும். மரம் வெட்டும் அனுமதித்தாளுக்காக நான்கு மாதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவரிடம் போய் இரண்டு வருடம் என்றால், அவர் பரம்பரையை இழுக்காமல் என்ன செய்வார்?

மரம் அவருடையது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது அவர் மனைவி டெல்ஃபினாவின் மரம். அவள் பிறந்த அன்று அவளுடைய அப்பா வீட்டுக்குக் கிழக்கே நட்ட கொக்கோபோலோ, ஈட்டி இனத்து மரம். இத்தனை வருடமும் சமையலறை ஜன்னலுக்கு வெயில் வராமல் பார்த்துக்கொண்டது. அதை அவள் எப்படிக் கொடுத்தாள் என்று ஊரே வியந்தது. வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற எட்டு மாதத்தில் எவரிஸ்தோ அவளுடைய சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கி, காப்பித்தூளைக் கரப்பான் மருந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். ஒரு மனிதனுக்கு வேலை வேண்டும். டெல்ஃபினா சமையலறையைக் காப்பாற்றிக்கொண்டாள், மரத்தை விட்டுக்கொடுத்தாள்.

ஒரு நிபந்தனை போட்டாள். பிப்ரவரியில் தனக்கு அறுபது நிறைகிறது. அன்றைக்குக் குடும்பம் மொத்தமும் அந்த மரத்தில் செய்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

“அப்பா வச்சது. ஒரே ஒரு தடவைதான் வெட்ட முடியும். பாத்துச் செய்ங்க.”

“நீ பாரு, அரண்மனையில கூட இப்படி ஒண்ணு இருக்காது” என்றார் எவரிஸ்தோ. அதுவரை அவர் மரத்தில் செய்திருந்தது கரும்பலகைக்கு ஒரு சுட்டுக்கோல் மட்டும். அதுவும் வளைந்திருக்கும்.

மரம் அறுக்கும் பட்டறையில் அதைப் பிளந்தபோது பட்டறைக்காரர்களே கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெளுத்த ஓரத்தைக் கழித்தால் உள்ளே வைரம் பாய்ந்த செம்மஞ்சள், அதன் நடுவே மை கொட்டினாற்போல் கறுப்பு ரேகைகள், சுழன்றும் பிரிந்தும் சேர்ந்தும் ஓடின. எவரிஸ்தோவுக்கு அவை ஆறுகளாகத் தெரிந்தன. வந்தவர் போனவரை எல்லாம் இழுத்து நிறுத்தி, இதோ தெம்பிஸ்கே ஆறு, இதோ அதன் கழிமுகம், இதோ வளைகுடா என்று பலகையில் பாடம் நடத்தினார். கேள்வியும் கேட்டார். தவறாகச் சொன்னவர்களுக்குக் காப்பி இல்லை.

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். ஒரு புத்தகம் வாங்கியிருந்தார், முன்னுரை வரை படித்திருந்தார். ரேகை சுழலும் மரத்தை நார் ஓடும் திசை பார்த்து இழைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிய்யும். அவர் வடக்கிலிருந்து தெற்காக இழைத்தார், வரைபடத்தை அப்படித்தான் படிப்பது என்பதால். வளைகுடா இருந்த இடம் கோழி கிளறிய தோட்டம் போலாயிற்று. பள்ளங்களில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து உப்புத்தாளால் தேய்த்தார். முகத்தை மூடிக்கொள்ளாமல் தேய்த்ததில் அந்த மரத்தின் தூள் தன் குணத்தைக் காட்டியது. மூன்றாம் நாள் கண் இரண்டும் வீங்கி, கன்னம் தடித்து, கடைவீதியில் அவரை அடையாளம் தெரியாமல் பழைய மாணவன் ஒருவன் மரியாதையாகப் பேசினான். உழைப்பின் தழும்பு என்று எவரிஸ்தோ அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார்.

நவம்பரில் பலகைகளை ஒட்டப்போகும் நேரம் நிக்கானோர் வந்தார். ஒரு பலகையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“மச்சான், இன்னும் ஈரம் போகல. ஒட்டியே ஆகணும்னா விளிம்ப சாராயம் தொட்டுத் துடைச்சுட்டு உடனே ஒட்டுங்க. இந்த மரத்துக்கு உள்ளயே எண்ணெய் இருக்கு, பசை பிடிக்காது. மேல ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசிடாதீங்க, காயவே காயாது. அரக்கு பூசிக்கலாம். நான் வேணா கூட நிக்கிறேன்.”

“சாராயத்தை மரத்துக்குக் குடுக்கச் சொல்ற முதல் தச்சன் நீதான்” என்றார் எவரிஸ்தோ.

நிக்கானோர் சிரித்தார். அது அக்காவின் மரம் என்பது தோன்றும்படி பலகையை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

எவரிஸ்தோ துடைக்காமல் ஒட்டினார். ஆளிவிதை எண்ணெய் பூசினார். ஒரு வாரமாகியும் காயவில்லை. முதல் பூச்சு தனிமையில் வாடுகிறது என்று முடிவுகட்டி இரண்டாவது பூசினார். இப்படி ஏழு பூச்சு. மேசை பளபளத்தது. ஈக்கள் அதில் வந்து இறங்கின, திரும்பிப் போகவில்லை.

மரம் நின்ற ஜன்னல் வழியாக இப்போது காலை வெயில் அடுப்பு வரை வந்தது. டெல்ஃபினா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சமைத்தாள்.

பிப்ரவரி வந்தது, கூடவே வடக்கேயிருந்து வரும் வறட்டுக் காற்றும். பிறந்தநாளன்று பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கோழிச் சோறு, உருளைக்கிழங்குக் கூட்டு, பீட்ரூட் சாறு சொட்டும் பச்சடி. பாதிரியாரின் சட்டைக்கை மேசையோடு ஒட்டிக்கொண்டது. அவர் ஆசீர்வாதத்தை ஒரே கையால் முடித்தார். காகிதக் கைத்துண்டுகள் விழுந்த இடத்திலேயே தங்கின. பக்கத்து வீட்டுத் துலியா, ஓய்வு பெற்ற நர்ஸ், புண்ணிலிருந்து கட்டுப் பிரிப்பதுபோல் தன் தட்டை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தெடுத்து, “சாருக்கு எங்கள அனுப்ப மனசே இல்ல போல” என்றாள்.

கேக் வெட்டக் கத்தியை அழுத்தியபோது அந்தச் சத்தம் வந்தது. ஒரே ஒரு டக். நடு ஒட்டு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விலகியது. தெம்பிஸ்கே ஆறு இரண்டாகப் பிளந்து, பீட்ரூட் சாறு அதன் வழியே பாதிரியாரின் முழங்காலில் இறங்கியது.

கடைவாசலில் அன்று கேட்ட பதினோரு பேரில் நான்கு பேர் அங்கே இருந்தார்கள். கேட்காதவர்களுக்கும் அந்த வாக்கு மனப்பாடம்.

டெல்ஃபினா கத்தியைக் கீழே வைத்தாள். பிளவில் விரலை விட்டாள். விரல் முழுதாக உள்ளே போயிற்று.

“ஏன் இப்படி ஆச்சு?” என்றாள் கணவரிடம். குரலில் கோபமே இல்லை.

“அக்கா, மரம்னா காயறப்போ கொஞ்சம்...” என்று நிக்கானோர் தொடங்கினார்.

“நீ சும்மா இருடா. அவர் சொல்லட்டும். முப்பத்தாறு வருஷத்துல நான் ஒண்ணுமே கேட்டதில்ல. இது ஒண்ணு சொல்லட்டும்.”

எவரிஸ்தோ மேசையைப் பார்த்தார். நிக்கானோரைப் பார்த்தார், நிக்கானோர் சோற்றைப் பார்த்தார். அப்புறம் கிழக்கு ஜன்னலைப் பார்த்தார். மரம் நின்றிருந்தால் தெரிந்திருக்காது. இப்போது வெட்டவெளியான அந்த இடத்தில், பட்டப்பகலில், வெளிறிய பாதி நிலா.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, சொன்னபடியே எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வளர்பிறையில வெட்டிட்டோம்” என்றார், யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில்.