மான் பார்க்கப் போன நாற்காலி

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கோவில்பட்டியிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் மான் காப்பகத்து வாசலில் நின்று, ஒரு வன அதிகாரியோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. அவர் மேல் இப்போது எனக்குக் கோபமும் கிடையாது. அன்றைக்கு இருந்தது, நிறையவே இருந்தது.

எல்லாம் என் வீட்டுக்காரருக்காகத்தான். ரயில்வேயில் மணியாச்சிப் பக்கம் தண்டவாள வேலை பார்த்தவர் அவர். விடியற்காலையில் லயனில் நடந்து போகும்போது மான் கூட்டம் குறுக்கே தாண்டி ஓடும் என்று கல்யாணமான புதிதில் கதை கதையாகச் சொல்வார். முறுக்கிவிட்ட கொம்பு, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, தாவினால் தரையில் கால் படாது, இப்படியெல்லாம். நான் நம்பினதே இல்லை. கோவில்பட்டிப் பொட்டலில் ஆட்டைப் பார்த்துவிட்டு மான் என்கிறார் என்று கேலி செய்வேன்.

ரிட்டயர் ஆன பிறகு சர்க்கரை முற்றி, காலில் வந்த ஒரு புண் ஆறாமல் போய், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதோடு மனுஷர் பேச்சையே விட்டுவிட்டார். தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வம்பளக்கிறவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தபடியே இருப்பார். காபியா டீயா என்று கேட்டால் "எதுனாலும்" என்பார். ஒரு நாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் குழம்பு வைத்துப் பார்த்தேன். ஒரு கல் உப்பு குறைந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிற ஆள், ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடித்தார். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அப்படி இருந்தவர் ஒரு நாள் பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒருக்கா போயி மானப் பாத்துட்டு வருவமா?" என்றார். காப்பகத்தை எப்படி நடத்தலாம் என்று பார்வையாளர்களிடமும் சுற்றுவட்டார ஊர்க்காரர்களிடமும் கருத்துக் கேட்கப் போகிறார்களாம், யார் வேண்டுமானாலும் வரலாமாம். எனக்குக் கருத்தும் முக்கியமில்லை, கூட்டமும் முக்கியமில்லை. கால் போன பிறகு அவர் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் இது. அன்றைக்கே வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டேன்.

போய் இறங்கினால், வாசலுக்கு மேல் எந்த வண்டியும் போகக்கூடாது என்றார்கள். மான் பார்க்கும் கோபுரத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாதை முழுக்க ஜல்லி. சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தேன், முன்சக்கரம் கல்லில் மாட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. தட்டுத்தடுமாறிப் போனாலும் கோபுரத்தில் ஏறப் படிக்கட்டுதான்.

"வண்டிய உள்ள விட்டா சத்தத்துக்கு மானெல்லாம் வெரண்டு ஓடிரும்மா. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. உங்க கருத்தக் கூட்டத்துல சொல்லுங்க, எழுதி மேல அனுப்புறோம்" என்றார் அந்த அதிகாரி. தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீங்க மேல அனுப்பி, அது கீழ எறங்கி வாரதுக்குள்ள இந்த மனுசன் இருப்பாரா இல்லையான்னு யாரு கண்டா?" என்று கத்திவிட்டேன். வார்த்தை வெளியே வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்! அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் பந்தலுக்குள் போய் உட்கார்ந்தோம். நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக். வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். கக்கூஸ் சுத்தமாக இல்லை என்றார் ஒருவர், நியாயம்தான். டீக்கடை வேண்டும் என்றார் ஒருவர், டீக்கடை வந்தால் குப்பைதான் சேரும் என்று இன்னொருவர் அவர் மேல் பாய்ந்தார். கழுத்தில் பெரிய கேமரா மாட்டிய ஒருவர், "சுத்தி இருக்கிற விவசாயிங்க டப்பாவத் தட்டித் தட்டி மான வெரட்டுறாங்க. நாங்க அவ்வளவு தூரத்துல இருந்து வந்து ஏமாந்து போறோம். மொதல்ல அதத் தடுக்கணும்" என்றார். வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள்.

எங்களுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்த ஒரு விவசாயி விருட்டென்று எழுந்தார். ஐம்பது வயதிருக்கும், மடித்துக்கட்டிய வேட்டி, தோளில் துண்டு. "மொத வெதப்பு மானுக்குப் போச்சு. மறுபடியும் வெதச்சு இப்பத்தான் உளுந்து பூப் பிடிக்குது. இதுவும் போச்சுன்னா இந்த வருசம் எங்களுக்கு ஒண்ணுங் கெடையாது. ஒண்ணு வேலி போட்டுக் குடுங்க. இல்லன்னா உங்க மான நீங்களே கட்டி மேச்சுக்கோங்க!"

பந்தலே சிரித்தது. அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. உட்கார்ந்த பிறகும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார். குடித்துவிட்டு அவர் கேட்டார்:

"உங்களுக்கு என்ன கொறை அண்ணாச்சி?"

"கொறைன்னு இல்ல. ஒருக்கா மானப் பாக்கணும். வண்டி உள்ள போகாதாம்."

அந்த விவசாயி இவரையும் பார்த்தார், இல்லாத காலையும் பார்த்தார். பிறகு சிரித்தார். "உள்ள எதுக்குப் போறீங்க? வெயிலு தாழ்ந்தா அது வெளிய வந்துரும். நேரா எங்க வயலுக்குத்தான் வரும். வாங்க, காட்டுதேன்."

இப்போதுதான் மானைக் கட்டி மேய்க்கச் சொன்ன மனுஷர்!

தார் ரோடு முடிகிற இடம்வரை காரில் போனோம், விவசாயி தன் டிவிஎஸ் எக்செல் மொபெட்டில் முன்னால் போனார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. நனைந்த கரிசலைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். சக்கர நாற்காலி நாலு முழம் போவதற்குள் சக்கரமே தெரியாத அளவுக்கு மண் அப்பிக்கொண்டது. விவசாயி, "இருங்க, இந்தா வாரேன்" என்று தன் எக்செல் வண்டியில் திரும்பிப் போய், பந்தலிலிருந்து ஒரு நீல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கேட்டுட்டுத்தான் எடுத்தீங்களா?" என்றேன்.

"இம்புட்டு நேரம் கருத்து சொல்லிருக்கேன், ஒரு நாற்காலி கூடவா தரமாட்டாவ?"

அவரும் எங்கள் கார் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இவரை நாற்காலியோடு தூக்கினார்கள். சேற்றில் கால் புதையப் புதைய வரப்பில் நடந்தார்கள். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பாதி வழியில் இவர் சொல்கிறார், "என்னய்யா, மாதா சப்பரத்த தூக்குத மாதிரில்லா தூக்கிட்டுப் போறீய. கூட்டத்தக் காணும், கொட்டுமேளத்தயும் காணும்!"

இவர் கேலி பேசி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று! அந்தச் சேற்றில் அப்படியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முகமெல்லாம் கரிசல் மண்.

வயலைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார்கள். அதுதான் அவர்கள் வேலி. உடைமரத்தடியில் விவசாயியின் மனைவி எண்ணெய் டின் ஒன்றை மடியில் வைத்து, கையில் ஒரு கம்போடு உட்கார்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் போல. அவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, அந்த அம்மா அவரை ஒரு முறை முறைத்துவிட்டு டின்னைக் கீழே வைத்தார். எனக்குச் சாக்கை விரித்துப் போட்டபடி சொன்னார்: "இன்னைக்கு டப்பாவத் தட்டாதேங்காரு அக்கா. மானப் பாக்க ஆளு வந்திருக்காவளாம். இந்தக் கூத்த எங்க போயிச் சொல்ல?"

வெயில் சாய்ந்தது. முதலில் ஒன்று தலையை நீட்டியது. காதை அசைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சிவப்புச் சேலைக்கு மேலே சும்மா காற்றில் ஏறி இறங்கியது போலத் தாண்டி உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னும் சில. எல்லாம் பெட்டை. கடைசியாக வந்தது கிடா. முறுக்கிவிட்ட கொம்பு, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு.

இவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். "ஏட்டி, பாரு. நாஞ் சொன்னேம்லா? நீ நம்பலயே. இப்பப் பாரு."

பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. இத்தனை வருஷம் கேலி செய்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மாதாவே, இது போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் மான்கள் தலையைக் குனிந்தன. அவ்வளவு அமைதி. உளுந்துச் செடியைக் கடித்து இழுக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பக்கத்திலிருந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் கண் டின் மேலேயே இருந்தது, கம்பைப் பிடித்த விரல்கள் இறுகியிருந்தன. அந்த விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மான் பக்கம் அவர் திரும்பவே இல்லை. என் வீட்டுக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வந்த விருந்தாளிக்குத் திருப்திதானா என்று.

இவரும் அதைக் கவனித்துவிட்டார். என் கையை விட்டார்.

"அண்ணாச்சி, அந்த டப்பாவ இங்கன எடுங்க."

"எதுக்கு அண்ணாச்சி? இப்பத்தான வந்திருக்கு. நல்லாப் பாருங்க. ஒரு நாளுதானே."

"பாத்தாச்சு. மனசு நெறையப் பாத்தாச்சு. எனக்காக நீங்க கையக் கட்டிட்டு நிக்கியள்லா, அதத்தான் பாக்க முடியல. எடுங்கய்யா!"

அந்த அம்மா ஒரே தாவலில் டின்னையும் கம்பையும் எடுத்து இவர் மடியில் வைத்துவிட்டார். இவர் கம்பை ஓங்கித் தட்டினார் பாருங்கள், தண்டவாளத்தில் சம்மட்டி அடித்த கையல்லவா! கூடவே ஒரு சத்தம், "ஹோய்ய்ய்" என்று. மான்கள் துள்ளின. சேலைகளுக்கு மேலே ஒவ்வொன்றாகத் தாவி மறைந்துபோயின. கிடா மட்டும் ஒரு நொடி நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் அந்த அம்மா வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

விவசாயியோடு திரும்பி வாசலுக்கு வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலி குறைகிறது என்று பந்தல்காரர் குதித்துக்கொண்டிருந்தார். மண் அப்பிய நாற்காலியைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டோம். அந்த அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் சொல்லாமப் போயிட்டீங்களேம்மா" என்றார்.

"இப்பச் சொல்லுதேன். நடக்க முடியாதவங்களுக்கு உள்ள ஒரு சமதளப் பாதை போடுங்க. அது எனக்கு. ஆனா அதுக்கு முன்னாடி இவிய வயலுக்கு வேலி போடுங்க. டிக்கெட்டுக் காசு வாங்குதது நீங்க, பாத்துட்டுப் போறது நாங்க. தீனி போடுதது மட்டும் இவியளா?"

அவர் பேனாவை எடுத்து இரண்டையும் எழுதிக்கொண்டார். மேலே அனுப்பியிருக்கிறார்களாம். இன்றுவரை பாதையும் வரவில்லை, வேலியும் வரவில்லை. வரும் என்று நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

காரில் வரும்போது இவர் மெதுவாகக் கேட்டார், "உளுந்து எப்ப எடுப்பாவளாம்?"

"தையிலன்னாவ."

"அது வரைக்கும் யாராவது ஒக்காந்து காக்கணும்லா? நான் வீட்லயும் ஒக்காந்துதான இருக்கேன்."

நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே! அந்த விவசாயி சனிக்கிழமைதோறும் கோவில்பட்டிக்குச் சாமான் வாங்க வருவார். திரும்பும்போது எக்செல் வண்டியின் பின்னால் இவரையும், இவர் ஊன்றுகட்டையையும் ஏற்றிக்கொண்டு போவார். இருட்டியதும் கொண்டுவந்து விடுவார். மான் உள்ளே வந்ததும் இவர் முதலில் ஆசை தீர ஒரு பார்வை பார்ப்பாராம், அப்புறம்தான் டப்பாவில் கை வைப்பாராம். அந்தக் காப்பகத்துக்கு டிக்கெட் வாங்கிப் போகிற யாரும் இவர் அளவுக்கு மான் பார்த்திருக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் அந்த அம்மா காக்க, உளுந்து முழுசாக வீடு வந்து சேர்ந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று, நாங்கள் மான் பார்த்த அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் நடந்தது. மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து சோறு போட்டேன். ஒரு வாய் வைத்ததுமே, "குழம்பா இது? உப்ப எங்கட்டி கொண்டு போயிக் கொட்டுன?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

இப்போதும் யாராவது சுற்றுலா போய்விட்டு வந்து போனில் மான் படம் காட்டுவார்கள், கொம்பைப் பார், கண்ணைப் பார் என்பார்கள். என் பார்வை அதன் வாய்க்குத்தான் போகிறது, அது மெல்லுவது யார் வீட்டு வெள்ளாமையோ என்று.